இன்னும் வாங்கவில்லை என்று சொன்ன டிவி

நவம்பர் 18, செவ்வாய்

ராத்திரி பூரா மழை. விடியும்போது விட்டது. வாய்க்கால் தளும்புகிறது, சம்பா நட்ட வயலெல்லாம் வெள்ளத் தண்ணீர்.

புது நோட்டு. முதல் பக்கத்தில் நல்ல சங்கதியாக இருக்கட்டும்.

ஸ்டீபன், என் மகள் மேரியின் மகன். கப்பலில் இன்ஜினியர். எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டின முதல் ஆள். அவன் தங்கை ரோஸி, நர்ஸ் படிப்பில் தங்க மெடல், பிஷப் கையால். இப்போது குவைத்தில். ஜெனி, என் மகன் அருளின் மகள், பெங்களூர், பத்தாவது. கணக்கில் நூற்றுக்கு நூறு, இரண்டு தடவை. கீபோர்டு நாலாம் கிரேடு. பள்ளிக்கூடங்களுக்குள் வைத்த வீடியோ கேம் போட்டியில் இரண்டாம் பரிசு. இதை மட்டும் அவள் அப்பன் யாரிடமும் சொல்வதில்லை. பரிசு பரிசுதான். எழுதியாச்சு.

டிவி நேற்றோடு போச்சு. பத்து நாளாகவே பாதிப் படம் பச்சை. நேற்றிலிருந்து சத்தம் மட்டும். அருளுக்கு போன் போட்டேன். ஆன்லைனில் அனுப்புகிறேன் என்றான். வேண்டாம், கடையில் வாங்கினால் ரிப்பேருக்குத் திட்ட ஒரு ஆள் இருப்பான் என்றேன். அப்போது ஜெனி போனைப் பிடுங்கினாள்.

"அப்பாயி, நீங்க பாட்டுக்கு எதையாவது வாங்கிடாதீங்க. கிறிஸ்மஸுக்கு வரும்போது என் கேம் பாக்ஸைக் கொண்டாருவேன். அதுக்குத் தோதா இருக்கணும். நான் பாத்து சொல்றேன்."

இருபத்திரண்டு நிமிஷம் பேசினாள். அருள் ஞாயிற்றுக்கிழமை பேசுவது நாலு நிமிஷம். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, பூசைக்குப் போனியா, வைக்கிறேன்.

நவம்பர் 19, புதன்

தூறல். கேஸ் சொல்லணும். கருவாட்டுக் குழம்பு, இரண்டு நாளைக்கு வரும்.

மாலை 7.30க்கு ஜெனி. டியூஷன் விட்டு வந்த உடனே. சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்:

நூற்றிருபது ஹெர்ட்ஸ். அறுபது போதாது.
எச்.டி.எம்.ஐ. ஓட்டை (கேம் பாக்ஸ் ஒயர் சொருக) குறைந்தது இரண்டு வேணும். நம்பர் 2.1.
கேம் மோடு.

ஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்குள் படம் எத்தனை தடவை மாறுகிறது என்பது. அதிகம் மாறினால் வழுக்கிக்கொண்டு போகுமாம். கேம் மோடு எதற்கு என்றேன்.

"பட்டனை அமுக்கின உடனே குதிக்கணும் அப்பாயி. துளி லேட்டானாலும் செத்துருவேன்."

"வாயைக் கழுவு. வெளக்கு வைக்கிற நேரத்துல."

"கேம்லதான் அப்பாயி!"

நாற்காலிக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். போனை வைக்காமல் நடந்து பார்த்தேன். பதினோரு அடி. "ஸ்கேல் அடியா, உங்க காலடியா?" என் காலடிதான். சிரித்தாள். அவ்வளவு சிரிப்பு இந்த வீட்டில் கேட்டு நாளாச்சு.

நவம்பர் 21, வெள்ளி

வெயில். பக்கத்து வீட்டுச் செல்வியைக் கூட்டிக்கொண்டு கும்பகோணம். தாராசுரத்தில் டவுன் பஸ் அரை மணி நின்றது. சுற்றுலா வண்டிகள்.

கடை பாய் பெரிய மனுஷன், நல்ல மாதிரி. "வாங்கம்மா, உக்காருங்க. சீரியல் பாக்கறதுக்குத்தானே? முப்பத்திரண்டு இஞ்ச் போதும்."

"நூத்தியிருபது ஹெர்ட்ஸ் இருக்கா?" என்றேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே பார்த்து, "தம்பி, இங்க வா, அம்மா என்ன கேக்கறாங்க பாரு" என்றார்.

எச்.டி.எம்.ஐ. இரண்டு புள்ளி ஒன்றா, எத்தனை ஓட்டை என்றேன். டிவியைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். கடையில் இருந்த நாலு பேரும் வந்து நின்றார்கள். செல்விக்குப் பெருமை. "எங்க அக்கா அஞ்சாவதுதான் படிச்சது" என்று எல்லாரிடமும் சொன்னாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"யாரும்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"என் பேத்தி. கேம் போட்டியில பரிசு வாங்கினவ."

ஜெனி சொன்ன மாதிரியே ஒன்று இருந்தது. ஐம்பது இஞ்ச். ஒன்றே ஒன்றுதான், வேறொருத்தர் மதியம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். வாங்கிவிட்டேன். நாளைக்கு வண்டியில் வரும்.

மாலை 7.30. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள், "அப்பாயி, இன்னொரு மாடல் பாத்தேன், நாளைக்குள்ள அதோட வீடியோ எல்லாம் பாத்துட்டு சொல்றேன், அதுவரைக்கும் வாங்கிடாதீங்க, வாங்கலதானே?"

இல்லைம்மா, இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

வாங்கியாச்சு என்றால் நாளைக்கு எதற்குப் பேசுவாள்?

நவம்பர் 22, சனி

பெட்டி வந்துவிட்டது. கூடத்தில் பாதி இடம். மாட்டுகிறவர் கூடவே வந்தார், துளை போடும் மிஷினோடு. இன்றைக்கு வேண்டாம், நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"அம்மா, வாசல்ல மாதா படம் இருக்கு. நீங்களுமா நல்ல நாள் பாக்கறீங்க?"

வாயில் வந்தது அதுதான். என்ன செய்ய.

பெட்டி மேல் போர்வை போட்டேன். செல்வி வந்து பார்த்தாள். "ஏன்க்கா பொணத்தைப் போத்தின மாதிரி போத்தி வச்சிருக்கே? பெட்டிக்குள்ளயே சீரியல் ஓடுமா?" அவள் சீரியல் பார்ப்பது இங்கே வந்துதான். ஒரு வாரக் கதை போய்விட்டது.

மாலை 7.30, ஜெனி. 25 நிமிஷம்.

நவம்பர் 24, திங்கள்

காலையில் கரண்ட் இல்லை. முட்டைக்காரி வரவில்லை.

கேட்க வேண்டியது:
வளைந்த டிவி நல்லதா?
மின்னல் அடித்தால் என்ன ஆகும்?
சத்தத்துக்குத் தனிப் பெட்டி வேண்டுமா?
கறுப்பு நிஜக் கறுப்பாகத் தெரியுமா? (நேற்று அவளே சொன்னது, மறந்த மாதிரி கேட்கலாம்)

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டுவிடக் கூடாது. நாளுக்கு இரண்டு.

நவம்பர் 27, வியாழன்

புயல் சின்னம் என்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கு லீவு. வடிகால் அடைத்துத் தெருமுனையில் தண்ணீர். மூட்டுவலித் தைலம் தீர்ந்தது.

இன்று மின்னலைக் கேட்டேன். நாற்பது நிமிஷம். டிவியில் ஆரம்பித்து, அவள் வகுப்பில் சாரா என்று ஒருத்தி இவளோடு பேசுவதில்லை என்பதில் முடிந்தது. ஏன் பேசவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம். அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

நானும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. பிள்ளை பயந்துவிடும்.

நவம்பர் 29, சனி

மழை, காற்று. பெட்டியின் அடி ஈரம் பட்டுவிடும் என்று இரண்டு மணைப்பலகை கொடுத்து உயர்த்தினோம், நானும் செல்வியும். கனம் அதிகமில்லை. அந்தக் காலத்து டிவி மாதிரி இல்லை.

"அக்கா, ஒரு தடவை போட்டுத்தான் பாரேன். யாருக்குத் தெரியப்போவுது?"

சீரியல் நேரமும் 7.30தான். போட்டால் போனில் ஜெனிக்குச் சத்தம் கேட்கும்.

டிசம்பர் 1, திங்கள்

மருமகள் போன் போட்டாள். அவளாகப் போடுவது அபூர்வம். யாருக்கோ உடம்புக்கு என்னவோ என்று, எல்லாரும் சுகமா என்றுதான் முதலில் கேட்டேன்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. அவளுக்குப் பத்தாவது. பரீட்சை வருது. ரெண்டு வாரமா டிவி டிவின்னு வீடியோ பாத்துட்டு உக்காந்திருக்கா. கேட்டா அப்பாயிக்குன்னு சொல்றா. டேப்லெட்டைப் பிடுங்கி வச்சிட்டேன். ஏதாவது ஒண்ணை வாங்கிடுங்க அத்தை, புண்ணியமாப் போகும்."

சரிம்மா என்றேன். நல்லவள்தான். சொன்னதில் தப்பில்லை.

மாலை 7.30க்கு ஜெனி. அம்மா திட்டினதைச் சொல்லவே இல்லை. "ஸ்கூல் லைப்ரரி கம்ப்யூட்டர்ல பாத்தேன் அப்பாயி" என்று ஆரம்பித்தாள். அப்போதாவது சொல்லியிருக்கணும். 18 நிமிஷம்.

டிசம்பர் 5, வெள்ளி

முதல் வெள்ளி. வெயில் நன்றாக அடித்தது. துணி எல்லாம் காய்ந்தது.

செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதுச் சாமியார், சின்ன வயசு. எனக்கு முன்னால் ஏழு பேர். திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன்.

"பேத்திகிட்ட பொய் சொன்னேன் சாமி."

"எத்தனை தடவை?"

"பன்னெண்டு இருக்கும்."

"என்ன பொய்ம்மா?"

"டிவி வாங்கலன்னு."

இருமினார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ.

"வாங்கிட்டு ஏன் வாங்கலன்னு சொன்னீங்க?"

"வாங்கிட்டேன்னா போன் வராது சாமி."

இந்தத் தடவை இருமவில்லை. மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லுங்கள், பேத்தியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், இன்றைக்கே என்றார். அதற்குப் பதில் நாற்பது நாளைக்கு ஜெபமாலை முழுசாகச் சொல்கிறேன் என்றேன்.

"பேரம் பேசாதீங்கம்மா."

மாலை 7.30.

"ஜெனி, டிவி வாங்கிட்டேன்மா."

"சூப்பர் அப்பாயி! இன்னைக்கா?"

"போன மாசம் இருபத்தொண்ணாம் தேதி."

தேதியை மறுபடி கேட்டாள், சொன்னேன்.

"அப்ப நேத்து அவ்வளவு நேரம் சொன்னேனே?"

"கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்."

"அப்பாயி, அம்மாகிட்ட அவ்வளவு திட்டு வாங்கினேன். நீங்க பாவம், தெரியாம தப்பா எதையாவது வாங்கிடுவீங்கன்னு. ஏன் அப்பாயி?"

நீ பேசுவதற்குத்தான் என்றேன்.

வைத்துவிட்டாள். 3 நிமிஷம்.

ஜெபம் மூன்றும் சொன்னேன். சாமியார் சொன்னதைச் செய்தாச்சு. சாப்பிடப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 6, சனி

போன் இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

பூசை. அருள், நாலு நிமிஷம். ஜெனி எங்கே என்றேன். படிக்கிறாள்.

டிசம்பர் 8, திங்கள்

மாதா திருநாள். மாட்டுகிறவர் வந்தார். "நல்ல நாள் வந்துடுச்சாம்மா?" என்று கேலி. அரை மணியில் வேலை முடிந்தது. சுவரில் ஜன்னல் வைத்த மாதிரி இருக்கிறது.

செல்வி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "மாமியாக்காரி மூக்குத்தியில கல்லு எத்தனைன்னு எண்ணலாம்க்கா." நிஜம்தான். ஆனால் ஒரு கோளாறு. சீரியலில் எல்லாரும் எண்ணெய்த் தரையில் நடக்கிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறார்கள். படம் மாதிரி இல்லை, பக்கத்து வீட்டில் நடப்பதை எட்டிப் பார்க்கிற மாதிரி. ஏதோ ஒரு பட்டனை மாற்றணும். எது என்று ஜெனிக்குத் தெரியும்.

போன் போட்டுக் கேட்டால் இதுவும் சாக்கு என்று நினைப்பாள்.

7.30. போன் இல்லை.

டிசம்பர் 11, வியாழன்

பனி. உளுந்து ஊறப் போட அளந்து, ஒருத்திக்கு எதற்கு என்று பாதியைத் திரும்ப வைத்தேன்.

என் போன் சரியாக இருக்கிறதா என்று செல்வியை அவள் போனிலிருந்து அடிக்கச் சொன்னேன். அடிக்கிறது. நல்ல சத்தமாகவே அடிக்கிறது.

டிவி போடவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போதே போன். அருள். மூன்றாவது நிமிஷத்தில் சொன்னான், கிறிஸ்மஸுக்கு வர முடியாது, ஜெனிக்கு லீவிலும் கோச்சிங் வைத்துவிட்டார்கள், மே மாசம் கட்டாயம் வருகிறோம் என்று. சரிப்பா, படிப்புதான் முக்கியம் என்றேன். அப்படித்தான் சொல்லணும். வைக்கப் போனவன், "இரு, இவ பேசணுங்கறா" என்றான்.

"அப்பாயி."

"சொல்லும்மா."

"கோவமெல்லாம் இல்ல."

"கோவப்பட்டாலும் தப்பில்ல."

"கொஞ்சம் இருந்துச்சு. இப்ப இல்ல. டிவி எப்படி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்றேன். வழுக்குவதைப் பற்றிக் கேட்கவில்லை. சாரா பேசுகிறாளா என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை ரப்பர் கேட்டா." அது போதும், ரப்பரில் ஆரம்பிக்கும் என்றேன். அவள் அம்மா பின்னாலிருந்து, நேரமாச்சு என்கிறாள். கேட்டது.

"ஒண்ணு கேக்கணும் ஜெனி."

"அய்யோ, இன்னொரு டிவியா?" சிரித்தாள்.

டிவி இல்லை, உன் போட்டோ ஒன்று என்றேன். சின்ன வயசில் கோயிலில் புதுநன்மை வாங்கின அன்றைக்கு எடுத்ததுதான் என்னிடம் இருக்கிறது, வெள்ளை கவுனில், முன்பல் இல்லாமல். போனில் பேசுகிறபோதெல்லாம் அந்தப் பல்லில்லாத பிள்ளைதான் ஹெர்ட்ஸ் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது.

"டிவிக்கே அனுப்பலாம் அப்பாயி, நெட் போட்டா. இல்லேன்னா செல்வி அக்கா போனுக்கு அனுப்பவா?"

வேண்டாம். செல்வி போனில் விரல் பட்டால் நகர்ந்து போய்விடுகிறது, நான் கண்ணாடி தேடுவதற்குள் இருட்டாகிவிடுகிறது. காகிதத்தில் வேணும். இந்த வாரம் எடுத்தது. பள்ளிக்கூட உடுப்பானாலும் சரி. உங்கள் வீட்டு வாசல் கதவை ஒட்டி, செருப்பில்லாமல், நேராக நின்று எடு, தாழ்ப்பாளுக்கு எவ்வளவு மேலே வந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியணும். அட்டை வைத்து மடங்காமல் தபாலில் போடு, கொரியர்காரர் இந்தத் தெருவுக்கு வருவதில்லை.