சவரிக்கு நீ எழுதிய நான்காவது பதில்

அலமாரியைத் திறந்ததும் கருவாட்டு வாசம். உன் நோட்டுதான். கருவாட்டுப் பையிலேயே அதையும் திணித்துக்கொண்டு பாம்பனிலிருந்து பஸ் ஏறி வருவாய். ராமநாதபுரத்தில் நாம் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். நீ கண்டுகொள்ள மாட்டாய். நீ போய் ஐந்து வருஷமாகிறது, வாசம் மட்டும் போகவில்லை.

படிப்பு முடிய நாம் இருவரும் சேர்ந்து ஒரு கேம் செய்ய வேண்டியிருந்தது. ஆடுகிறவர் கடற்கரைக்குப் புதிதாக வந்த பெண்ணாக மாறி ஊராரோடு பேசிப் பழக வேண்டும். ஒவ்வொரு பேச்சுக்கும் திரையில் சில பதில்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் காதலும் இருக்கட்டும் என்றவன் நான். காதலன் சவரி, விசைப்படகில் போகிறவன். அவனுக்குப் பிடித்த பதிலைத் தேர்ந்தெடுத்தால் திரையோரம் சிவப்பு இதயங்கள் கூடும்.

அவன் கடலுக்குக் கிளம்பும் காட்சிக்கு மூன்று பதில்கள் எழுதினேன். 'எப்ப வருவ?' என்பதற்குத்தான் அதிக இதயங்கள். படித்ததும் உனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"ஏலே, இதெல்லாம் ஒங்க முதுகுளத்தூர்ல ஆடு மேய்க்கப் போறவங்கிட்ட கேளு. கடலுக்குப் போறவங்கிட்ட எப்ப வருவன்னு எங்க வீட்டுல ஒருத்தரும் கேக்க மாட்டோம், கேட்டா ஆகாது. கஞ்சி வாளியக் கையில குடுத்துட்டுச் சும்மா நிப்போம்."

நான்காவதாக நீயே எழுதினாய்: 'ஒன்றும் கேட்காமல் நில்.' எனக்குப் புல்லரித்துவிட்டது. அதற்குப் பத்து இதயங்கள் கொடுத்தேன். அதுவும் உனக்குப் பிடிக்கவில்லை.

"எந்நேரமும் ஒரே பதில்தான் பிடிக்கும்னா அவன் ஆளா, பொம்மையா? ஒரு நா கேட்டுற மாட்டாளான்னு அவனே ஏங்கி நிப்பான்லே."

அதையெல்லாம் சேர்த்தால் வேலை இழுத்துக்கொண்டே போகும் என்று தட்டிக் கழித்தேன். அப்போது எனக்கு உன்மேல் கொள்ளை ஆசை. அதையும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் உன் இதயத்தில் ஓட்டை என்றார்கள். ஆபரேஷனுக்கு நீ மதுரை கிளம்பிய காலையில் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். உன் அம்மா உள்ளே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். நீ படியிலேயே நின்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. நீ கற்றுக்கொடுத்ததைச் சரியாகச் செய்கிறேன் என்ற பெருமை எனக்கு.

"ஏலே, ஒண்ணும் கேக்க மாட்டியா?"

புரிந்தவன் போலத் தலையை ஆட்டிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய், நிறையவே சிரித்தாய். "சரிலே, வாரேன்." கண்டக்டர் விசில் கொடுத்தார். நான்காம் நாள் உன் வீட்டிலிருந்து போன் வந்தது.

இப்போது சென்னையில் கேம்களுக்குக் காதல் எழுதுவதுதான் என் பிழைப்பு. நல்லாத்தான் எழுதுகிறேன் என்கிறார்கள். இந்த முறையும் ஒரு பிரிவுக் காட்சி, கதாநாயகி ஊரைவிட்டுக் கிளம்புகிறாள். 'எப்ப வருவ?' என்று ஆடுகிறவர் கேட்கலாம். அவள் சொல்ல வேண்டிய பதில் மட்டும் மூன்று வாரமாகக் காலியாக இருக்கிறது. "அந்த ஒரு வரிதான் சார் பாக்கி" என்று கூட வேலை பார்க்கும் பெண் தினமும் நினைவூட்டுகிறாள்.

அதற்காகத்தான் உன் நோட்டைப் புரட்டினேன். சவரி எப்படிப்பட்டவன் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருக்கிறாய். கோபம் வந்தால் சாப்பிட மாட்டான். பொய் சொன்னால் காதைத் தடவுவான். கடைசி வரி: 'பயம் வந்தால் நிறையச் சிரிப்பான்.'

கேம் செய்த நாட்களில் எத்தனையோ முறை படித்த வரி. பஸ் படியில் நீ சிரித்தபோது எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லையே.

மதுரை போகிற வழியில் கடல் கிடையாது. கேட்டிருக்கலாம், ஒன்றும் ஆகியிருக்காது. அந்த வரியை இன்றும் காலியாகத்தான் விட்டு வந்தேன். பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

எப்ப வருவ?