நாத்தனார் காலில் நான் வாங்கிய பூட்ஸ்

அக்டோபர் 14, செவ்வாய்

காலை ஷிஃப்ட். மூன்றாம் நடைமேடையில் தண்ணீர் தேங்கியதால் எல்லா வண்டிகளையும் ஐந்துக்கு மாற்றினார்கள். மாற்றியது அவர்கள், தொண்டை போனது எனக்கு. பேருந்து நிலையத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் உப்பு கேட்டால்கூட அப்படித்தான் கேட்கிறேன் என்று இவர் கிண்டல் செய்கிறார்.

இடைவேளையில் போனை எடுத்தால் ‘நம்ம வீடு’ குரூப்பில் படங்கள் குவிந்திருந்தன. ஓரகத்தி ஏதோ கப்பலின் மேல்தளத்தில் பெரிய தொப்பியோடு நிற்கிறாள். வசதி இருக்கிறது, போகிறாள். அது எனக்கு உறைக்கவில்லை. அதற்குக் கீழே இருந்த படம்தான் உறைத்தது. என் மகள் பாப்பாவும் என் நாத்தனாரும். முழங்கால் வரை சேறு, ஒரே நிறத்தில் மழைக்கோட்டு, தோளில் கை.

ஓரிடத்தில் நிற்காதவள் என்பதால் நாத்தனாருக்கு வீட்டில் ரயில் என்று பெயர். குடிநீர் வாரிய வேலையை விட்டுவிட்டு, எங்கே வெள்ளம், எங்கே நிலநடுக்கம் என்றாலும் ஒரு தொண்டர் குழுவோடு கிளம்பிவிடுவாள். போன இடத்தில் கிணறுகளையும் தொட்டிகளையும் சுத்தம் செய்து குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். இந்தப் புயலுக்குக் கடற்கரைப் பக்கம் போகும்போது, படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த என் மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். ‘பத்து நாள்தான் அண்ணி’ என்றாள். அது போன மாதம்.

‘அத்தையை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா’ என்று ஓரகத்தி கப்பலிலிருந்து எழுதியிருந்தாள். அதற்கு ஆளாளுக்கு ஆமாம் போட்டிருந்தார்கள். நான் ‘பத்திரம்’ என்று எழுதினேன்.

அக்டோபர் 15, புதன்

என் ‘பத்திரம்’ சீந்துவாரில்லாமல் கிடக்கிறது.

அக்டோபர் 18, சனி

பாப்பா கூப்பிட்டாள். இவர் போனில்தான் கூப்பிட்டாள். இவர் பேசி முடித்து, ‘இந்தா, அம்மாகிட்ட குடுக்கறேன்’ என்று, மிச்சமிருந்ததை எனக்குத் தந்தார்.

வாயைத் திறந்தால் அத்தை. குளோரின் எவ்வளவு போடணும்னு அத்தைக்கு மோந்து பார்த்தாலே தெரியும்மா. பயமா இருந்தா கையை வேலையில வெச்சுக்கணும்னு அத்தை சொல்வாங்க. ‘சாப்பிட்டியா?’ என்றேன். ‘ம்’ என்றாள். பின்னால் ரயிலின் குரல்: ‘பார்ட்னர், ஹோஸைப் பிடி.’ ‘அம்மா, வெச்சிடறேன்.’

பார்ட்னராம்.

பத்து மாதம் சுமந்து, கக்குவான் இருமலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்து, கணக்கு வராத பிள்ளைக்குக் கணக்கு வரவழைத்தவள் வெறும் அம்மா. கையில் ஒரு ஹோஸைக் கொடுத்தவள் பார்ட்னர்.

‘உனக்கு வயித்தெரிச்சல்’ என்றார் இவர், ஒரு ஃப்ரிட்ஜ் மோட்டாரைப் பிரித்துக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

‘என் வயிறுதானே, எரியட்டும்’ என்றேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

பாப்பாவுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். அவளுடைய பழைய செருப்பைப் பையில் போட்டு எடுத்துப்போய், கடைக்காரன் முன்னால் வைத்து அளவு பார்த்தேன். மஞ்சள் நிறம், உள்ளே துணி வைத்தது. இதைப் போட்டுக்கொண்டு அவள் நடக்கும்போதெல்லாம் என் ஞாபகம் வரும்— இப்படியெல்லாம் நினைத்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. கடற்கரைத் தடத்து டிரைவரிடம் கொடுத்து, முகாமில் அவள் கையிலேயே கொடுக்கச் சொன்னேன். ‘உங்க குரலைக் கேட்டுத்தான் தினம் வண்டியை எடுக்கறேன், இதைச் செய்ய மாட்டேனா?’ என்றார்.

அக்டோபர் 25, சனி

குரூப்பில் படம். மஞ்சள் பூட்ஸ். பளபளவென்று.

ரயில் காலில்.

‘அத்தை பூட்ஸ் கிழிஞ்சு தண்ணி உள்ள போயிடுச்சு, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அளவு! தேங்க்ஸ் அம்மா’ என்று பாப்பா எழுதியிருந்தாள். இவர் ஒரு கட்டைவிரலைப் போட்டார். ஓரகத்தி இதயம் போட்டாள். நானும் இதயம் போட்டேன். போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

கால்கூட அவள் அளவுதானா?

அக்டோபர் 29, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

மத்தியானம் குரூப்பில் ரயில் ஒரு குரல் பதிவு போட்டாள். கூண்டுக்குள் யாரும் இல்லாததால் உடனே கேட்டேன். ‘டாக்டர், பொண்ணுக்கு நேத்து சாயங்காலம் காய்ச்சல் இறங்கிடுச்சு. எலிக்காய்ச்சல் மாத்திரையை நிறுத்தலாமா, தொடரணுமா? வீட்டுக்கு இன்னும் சொல்லலை. வேண்டாம்னு அவளே சொல்லிட்டா.’

அடுத்த நிமிஷம் பதிவைக் காணோம். டாக்டருக்கு அனுப்ப வேண்டியது தவறி எங்களுக்கு வந்துவிட்டது.

என் பெண்ணுக்கு எலிக்காய்ச்சல். எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஈரத்துணி போட்டிருப்பாள், தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்திருப்பாள். நான் இங்க உக்காந்து ஊரு உலகத்துக்கெல்லாம் வண்டி எங்க நிக்குதுன்னு சொல்லிட்டிருக்கேன், என் பொண்ணு எப்படி இருக்கான்னு எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. என்ன தைரியம் அவளுக்கு? யாரு குடுத்த உரிமை?

இவர் போன் செய்தார். ‘இப்ப நல்லா இருக்காளாம், பதறாதே’ என்றார். பதற்றமா இது? பதற்றம் பாதிதான். மீதி என்னவென்று எனக்குத் தெரியும்.

டைம்கீப்பரிடம் லீவு சொல்லிவிட்டேன். நாளை கிளம்புகிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

பஸ்ஸில் எழுதுவதால் கோணல்மாணலாக இருக்கிறது. இத்தனை வருஷம் நான் அறிவித்து அனுப்பிய வண்டியில் இன்றுதான் ஏறியிருக்கிறேன். கிளம்பும்போது வேறொரு பெண் குரல் அறிவித்தது. நன்றாகத்தான் அறிவித்தாள். அதுவும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். கரும்பலகையில் யாரோ எழுதிய பெருக்கல் வாய்ப்பாட்டுக்குக் கீழே பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஈரத்துணி வாடை, டீசல் வாடை. சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோடு என் தோள் உயரத்துக்கு இருந்தது.

வகுப்பறைப் படியில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். மேல்படியில் ரயில், அவள் தலையில் பேன் சீப்பை வைத்து வாரிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதில் ‘நானே வாரிக்கறேன்’ என்று என் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கியவள், கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. ‘அம்மா, எதுக்கு வந்தே?’

கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கட்டிக்கொண்டேன். அவள் கட்டிக்கொண்டாளா என்று யோசித்துக்கொண்டே கட்டிக்கொண்டேன், அப்படி ஒரு பிறவி நான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ரயிலைப் பிடித்தேன். பஸ் முழுக்கக் கோத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். ‘அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா எனக்கு என்ன பதில் சொல்லியிருப்பே? நீ யாரு அவளுக்கு?’ என்று கேட்டேன். பதிலுக்குச் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். மஞ்சள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

‘சொல்ல வேண்டாம்னு அவ சொன்னது நிஜம்தான் அண்ணி. ஆனா நான் சொல்லியிருக்கலாம். சொன்னா நீங்க வந்து கூட்டிட்டுப் போயிடுவீங்க. அவ போறது எனக்குப் பிடிக்கலை.’

‘வேலைக்கு ஆள் குறையும்னா?’

‘வேலைக்கு எத்தனையோ பேர் வருவாங்க’ என்றாள்.

சண்டை போட வந்த இடத்தில் எதிராளி சரணடைந்துவிட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது?

சாயங்காலம் தண்ணீர் விநியோகம். வரிசை முட்டி மோதியது. ஒரு பெரியவர் குளோரின் வாடை அடிக்கிறது, எனக்கு வேண்டாம் என்று குடத்தைக் கவிழ்த்தார். பாப்பா ஒரு பெஞ்சு மேல் ஏறி நின்றாள். ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்றாள். அந்த ‘கனி’யில் ஒரு இழுப்பு, ‘கவன’த்தில் ஒரு அழுத்தம். ‘முதல் தொட்டியிலிருந்து புறப்படும் குடிநீர் சற்று வாடையுடன் ஆனால் பாதுகாப்பாக வந்து சேரும். முந்துகிறவர்கள் வரிசையின் கடைசி நடைமேடைக்கு அனுப்பப்படுவார்கள்.’ சனங்கள் சிரித்துக்கொண்டே ஒழுங்காக நின்றார்கள். குடத்தைக் கவிழ்த்தவரும் நிமிர்த்திக்கொண்டார்.

‘தினம் இதைத்தான் பண்றா’ என்றாள் ரயில் என் பக்கத்தில் வந்து. ‘எனக்கு இந்தக் கூட்டத்தை அடக்கத் தெரியாது. தொண்டையே எழும்பாது.’

அத்தையை உரித்து வைத்திருக்கிறாள் என்று எழுதிய ஓரகத்தி வந்து கேட்க வேண்டும் இதை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

தனியாகத்தான் திரும்பினேன். ‘வர்றியா?’ என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். ‘இல்லம்மா’ என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கவில்லை. கிளம்பும்போது அவளாகவே வந்து பை தூக்கினாள். ரயிலும் வந்தாள். கையசைக்கும்போது இரண்டு பேரும் அருகருகே நின்றார்கள். கொஞ்சம் தள்ளி நின்றால் என்ன?

நவம்பர் 19, புதன்

கிணற்றுப் படிக்கட்டில் பாசி வழுக்கி ரயில் விழுந்துவிட்டாள். முட்டியில் தசைநார் கிழிந்துவிட்டதாம், ஆபரேஷன். செய்தி கேட்டதும் என் மனசில் முதலில் வந்தது: அப்படியானால் பாப்பா வீட்டுக்கு வந்துவிடுவாள்.

இரண்டாவதாகத்தான் ‘ஐயோ பாவம்’ வந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

பாப்பா வரவில்லை. நிலநடுக்கம் வந்த ஏதோ ஒரு தேசத்துக்கு அதே குழுவோடு விமானம் ஏறுகிறாளாம். இவரிடம் சொல்லி, இவர் என்னிடம் சொன்னார். ரயில்தான் வருகிறாள். ஆறு மாதத்துக்கு அலைச்சல் கூடாது, எங்கள் வீட்டில்தான் இருக்கப்போகிறாள்.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று.

நவம்பர் 27, வியாழன்

பாப்பாவின் அறையில், பாப்பாவின் கட்டிலில், பாப்பாவின் போர்வையில். வேறு அறை கிடையாது. வாக்கிங் ஸ்டிக்கை அலமாரிக் கைப்பிடியில் மாட்டியிருக்கிறாள். டீ கொண்டு போய் வைத்தேன். ‘தொந்தரவு குடுக்கறேன் அண்ணி’ என்றாள். ‘அதெல்லாம் இல்ல’ என்றேன், அறிவிப்புக் குரலில்.

டிசம்பர் 6, சனி

இவருக்கும் அவளுக்கும் சிறுவயதுக் கதைகளுக்கு முடிவே இல்லை. இப்போது இவரையும் பங்கு போட வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 10, புதன்

இன்று ஒன்று பார்த்தேன்.

துணி மடித்து வைக்க அந்த அறைக்குப் போனேன். ரயில் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா அங்கிருந்து அனுப்பிய படம். இடிந்த கட்டடத்தின் முன்னால் உயரமான ஒரு பெண்ணோடு நிற்கிறாள். அந்தப் பெண் பாப்பாவின் ஹெல்மெட் வாரைச் சரிசெய்கிறாள், பாப்பா தாடையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

‘யாரு அண்ணி இது?’

‘அங்கே டீம் தலைவியாம். எல்லாரும் பெரியக்கான்னு கூப்பிடறாங்களாம்.’

‘ஓ.’ படத்தை இன்னும் பெரிதாக்கி, ‘வார் இவ்வளவு இறுக்கமா போடக்கூடாது. அந்தம்மாவுக்குத் தெரியலை’ என்றாள்.

வார் சரியாகத்தான் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி அதே படம். எனக்கு அந்த விரலைத் தெரியும். அந்த ‘ஓ’வைத் தெரியும். நன்றாக வேண்டும் என்று ஒரு நொடி துள்ளினேன். துணி மடித்து முடிப்பதற்குள் துள்ளல் போய்விட்டது.

டிசம்பர் 16, செவ்வாய்

நாத்தனாருக்குப் பாப்பாவிடமிருந்து போன் வரவில்லை. சார்ஜ் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்து. ‘அங்க சிக்னல் சரியா இருக்காது’ என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். குரூப்புக்கு மட்டும் படங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

டிசம்பர் 21, ஞாயிறு

மத்தியான ஷிஃப்ட். டைம்கீப்பர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பாப்பா கூப்பிட்டாள். என் போனில். நேராக என் போனில்.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. ‘அம்மா, இன்னிக்கு ஒரு வீட்டைத் தோண்டினோம்’ என்றாள். பிறகு அழுதாள். உள்ளே யாரும் உயிரோடு இல்லை. சமையலறை மேஜைமேல் சாப்பாடு எடுத்து வைத்தபடி இருந்ததாம், தட்டுகள்கூட உடையவில்லையாம். நான் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. ‘அப்புறம்?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் இரண்டு வண்டிகளுக்கு நான் அறிவிப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ‘இரு’ என்று சொல்லிவிட்டு மைக்கில் பேசினேன். அவள் அந்தப் பக்கத்தில் காத்திருந்தாள். ‘வைக்காதம்மா, நீ பேசறதைக் கேட்டுட்டே இருக்கேன்’ என்றாள்.

இதற்காகத்தானே இத்தனை மாதம் புழுங்கினேன். கிடைத்துவிட்டது, முழுசாக, எனக்கு மட்டும்.

வைக்கும்போது அப்பாவைக் கேட்டாள். மாடித் தொட்டியில் கசிவு நின்றதா என்று கேட்டாள். நான் காத்திருந்தேன். அத்தையைப் பற்றிக் கேட்கவில்லை. வேண்டுமென்று இல்லை. அவள் இருந்த நிலையில் ஞாபகம் வந்திருக்காது. நானாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். அறைக் கதவு திறந்திருந்தது. ரயில் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். ‘போன் ஏதாவது வந்துச்சா அண்ணி?’ என்றாள், என்னைப் பார்க்காமலே.

‘வந்துச்சு’ என்றேன். ‘எடுத்ததும் உன்னைத்தான் கேட்டா. முட்டி மடக்க முடியுதா, நடக்கறாங்களான்னு.’

திரும்பினாள். ‘நிஜமாவா?’

‘பின்ன? நான் சொல்றதுக்கு முன்னாடியே அவளே கேட்டா. டவர் கிடைக்கலையாம், உன் நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்தாளாம்.’

பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது. அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா தெரியவில்லை. அடிபட்ட காலை இரண்டு கையாலும் தூக்கிச் சுவர்ப் பக்கம் நகர்த்தி, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.

‘வேற என்ன சொன்னா?’

உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.