மீன் தொட்டிக்கு அந்தப் பக்கம்

பாலிகே,
4 மார்ச் 2009

அன்பு இத்தோ ஜொங்கிக்கு,

நல்லா இருக்கியா, சாப்பிடுறியா, காலுல அட்டை கடிச்ச புண்ணு ஆறுச்சான்னு எல்லாம் கேட்டு எழுதத்தான் உக்காந்தேன். நீ அதுக்கு மூணு வார்த்தையில பதில் போடுவ. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். என் மகன் சஹாலாவுக்குக் கல்யாணம். ஜூன் இருபது, சனிக்கிழமை.

பொண்ணு பேரு வெனிங். ஜாவாக்காரி, மேடான்ல ஆஸ்பத்திரி நர்ஸ். பேசினா பக்கத்துல உக்காந்தவங்களுக்கே கேக்காது. முதல் தடவை நம்ம வீட்டுக்கு வந்தப்ப நாங்க பேசிக்கிட்டதைச் சண்டைன்னு நினைச்சு ஒரு மூலையில ஒடுங்கிட்டா. குழம்புல உப்பு பத்தலைன்னுதான் பேசிக்கிட்டு இருந்தோம்.

இப்ப உன் விஷயம். அவளுக்கு நம்ம பாத்தாக் குலம் கிடையாது. குலம் இல்லாத பொண்ணுக்கு நம்ம முறையில கல்யாணம் நடக்காதுன்னு உனக்குத் தெரியும். மாப்பிள்ளையோட தாய்மாமன் அவளை மகளா ஏத்துக்கணும். தாய்மாமன்னா நீ. எனக்கு இத்தோன்னு கூடப்பிறந்தவன் வேற யாரு இருக்கான்? மீனை எடுத்து அவளுக்கு ஊட்டணும், தலையில அரிசி வெக்கணும், உலோஸ் சால்வை போர்த்தணும், 'இவ என் மக, நாபிதுபுலு குலத்துப் பொண்ணு'ன்னு நாலு பேர் கேக்கச் சொல்லணும். பொண்டாட்டி இல்லாதவன் எப்படி அப்பா ஆவான்னு பெரியவங்க இழுத்தாங்க. கத்திச் சண்டை போட்டு ஒத்துக்க வெச்சுட்டேன். அதனால வந்து சேரு.

உன் குரங்குங்களைக் கேட்டதா சொல்லு.

உன் இத்தோ,
ரோத்துவா

✦

காட்டு முகாம், பாதாங் தோரு,
15 மார்ச் 2009

அன்புள்ள இத்தோ ரோத்துவாவுக்கு,

சஹாலாவுக்கு என் வாழ்த்து. புண் ஆறிவிட்டது. சாப்பிடுகிறேன். அவை குரங்குகள் அல்ல, வால் கிடையாது. முன்பே எழுதியிருக்கிறேன்.

ஜூனில் என்னால் வர முடியாது. இங்கே ஒரு பெரிய ஆண் ஒராங்குட்டான் இருக்கிறான். நீளமாக முழங்குவதால் கூட வேலை செய்பவர்கள் பாதிரியார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாலையில் தூங்குவதற்குக் கூடு கட்டும் முன் அவன் முழங்குகிறான். எந்தப் பக்கம் முகம் வைத்து முழங்குகிறானோ, மறுநாள் அந்தப் பக்கம் போகிறான் என்பது என் கணிப்பு. பெண் ஒராங்குட்டான்கள் அதைக் கேட்டுத் தங்கள் வழியை முடிவு செய்கின்றன. மேலதிகாரிகள் இதைத் தற்செயல் என்கிறார்கள். ஜூனில் பழங்கள் பழுக்கும்போது அவன் நிறைய நடப்பான். அப்போதுதான் சரிபார்க்க முடியும்.

வேலை மட்டும் காரணம் இல்லை. மேளம், ஒலிபெருக்கி, வரிசையாக வந்து கட்டிப்பிடிக்கும் ஆட்கள். என்னால் முடியாது.

எனக்குப் பதிலாகச் சித்தப்பா மகன் பார்லின் நிற்கலாம். முறையில் அதற்கு இடம் இருக்கிறது. உலோஸை நானே சிப்பிரோக் சந்தையில் தேர்ந்தெடுத்தேன். முகாமுக்கு அரிசி கொண்டுவரும் ஜீப்பை ஓட்டும் லம்போக்கிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் இத்தோ ஜொங்கி

✦

பாலிகே,
29 மார்ச் 2009

ஜொங்கி,

பார்சல் வந்தது. நல்ல நேரம் பார்த்து வந்தது. கல்யாணப் பேச்சுக்குப் பெரியவங்க எல்லாரும் எங்க வீட்டுல கூடியிருந்தாங்க. என் வீட்டுக்காரரோட அண்ணன் தோகாரும் காலை நீட்டிக்கிட்டு நடுவுல உக்காந்திருந்தாரு. 'தாய்மாமன் அனுப்பின உலோஸ்'னு பெருமையா நடுக்கூடத்துல வெச்சுப் பிரிச்சேன்.

கருநீலம். இழவு வீட்டுல போர்த்துறது.

தோகார்தான் வாயைத் திறந்தாரு. 'என்ன ரோத்துவா, நாங்க வந்தது கல்யாணத்துக்கா, சாவுக்கா?' எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு. ஒராங்குட்டான் நாளைக்கு எந்தப் பக்கம் போகும்னு உனக்குத் தெரியுது, கல்யாணத்துக்கு எந்த உலோஸ்னு தெரியலை.

பார்லினுக்கு இதுல ஒரே கொண்டாட்டம். காபிக் கடை காபிக் கடையா ஏறி, ஜொங்கிக்கு இதெல்லாம் ஆகாது, நான்தான் நிக்கப் போறேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். அவன் நின்னா அவ அவனோட மக. ஆயுசுக்கும் அப்படித்தான். எனக்கு அது வேண்டாம். என் வீட்டுக்கு வர்ற பொண்ணு என் கூடப்பிறந்தவனோட மகளா வரணும்.

அம்மா செத்தப்ப நீ பெட்டிக்கிட்டயே வரலை. கொல்லையில மீன் தொட்டியோரமா உக்காந்திருந்த. ஊரே பேசுச்சு. 'அவன் அப்படித்தான், விடுங்க'ன்னு நான்தான் ஒவ்வொருத்தருக்கா பதில் சொன்னேன். சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். இனிமே சொல்ல மாட்டேன், எனக்கு அலுத்துப்போச்சு. நீ எனக்கு இத்தோ, நான் உனக்கு இத்தோ, ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தைதான். ஆனா அதை நான் மட்டும்தான் தூக்கிக்கிட்டு நடக்கறேன்.

வரலைன்னா லம்போக்கிட்ட லெட்டர் குடுத்து விடாத. பிரிக்க மாட்டேன்.

ரோத்துவா

வெனிங் மட்டும் அந்த உலோஸைக் கன்னத்துல வெச்சுப் பார்த்துட்டு, 'ரொம்ப மெத்துனு இருக்கு அத்தை, நான் வெச்சுக்கட்டுமா?'ன்னு கேட்டா. எனக்கு அழுகைதான் வந்துச்சு.

✦

காட்டு முகாம்,
12 ஏப்ரல் 2009

அன்புள்ள இத்தோவுக்கு,

வரவில்லை என்றால் எழுதாதே என்று எழுதியிருந்தாய். வருவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. முடியாது என்று எழுதினேன், வர விருப்பம் இல்லை என்று எழுதவில்லை. ஆகவே எழுதலாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உலோஸ் விஷயம். கடையில் கல்யாணத்துக்கு என்று காட்டியவற்றில் எல்லாம் ஜரிகை இருந்தது, கையை அறுத்தது. கருநீலம் அம்மா தினமும் போர்த்தியிருந்தது. சமைக்கும்போதும் அதுதான், தூங்கும்போதும் அதுதான். அதைவிட நல்லது இருக்க முடியாது என்று நினைத்தேன். அப்பா போன பிறகுதான் அம்மா அதைப் போர்த்த ஆரம்பித்தாள் என்பதை யோசிக்கவில்லை. தவறு என்னுடையது.

போன வருடம் மேடானில் ஒரு மருத்துவர் என்னைப் பார்த்து, எனக்கு இருப்பது ஆட்டிசம் என்றார். உனக்கு எழுதவில்லை, நீ கேட்கவில்லை. இது நோய் இல்லை. பிறந்ததிலிருந்து நான் இப்படித்தான். சத்தமும் தொடுதலும் எனக்கு மற்றவர்களைவிடப் பலமாக வந்து விழுகின்றன. எது எப்போது வரும் என்று தெரியாவிட்டால் தாங்க முடிவதில்லை. அம்மா இறந்த அன்று அந்தக் கூட்டத்தில் என்னால் அம்மாவை நினைக்கவே முடியவில்லை. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் ஒரே மாதிரி இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் நினைத்தேன். அம்மாவை எனக்கு மிகவும் பிடிக்கும். உன்னையும்.

இங்கே வரும் விருந்தினர்கள் நான் ஒராங்குட்டான் மாதிரி, அதனால்தான் அவற்றைப் புரிந்துகொள்கிறேன் என்கிறார்கள். அது சரியில்லை. அவற்றுக்கு என்மேல் எந்த அக்கறையும் கிடையாது, அது ஒரு வசதி, அவ்வளவுதான். ஆனால் பாதிரியாரை எனக்குப் பிடிக்கும். நாளைக்கு என்ன என்பதை இன்றைக்கே சொல்லிவிடுகிறான்.

அதனால் கேட்கிறேன். அந்தச் சடங்கில் என்னென்ன நடக்கும்? முதலில் எது, பிறகு எது? யார் எங்கே இருப்பார்கள்? மீனில் முள் இருக்குமா? தெரிந்தால் என்னால் முடியுமா என்று சொல்ல முடியும். உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாது.

அன்புடன்,
ஜொங்கி

✦

பாலிகே,
26 ஏப்ரல் 2009

அன்பு இத்தோவுக்கு,

பிரிக்க மாட்டேன்னு சொன்னவ, லம்போக் ஜீப்பைத் திருப்பறதுக்குள்ள பிரிச்சுட்டேன். மீன் கழுவின கையோட. அதான் உன் லெட்டர் பூரா செதில்.

ஒரு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலை, கேட்டா நான் கேக்கலையாம்! 'தம்பி, உனக்கு ஆட்டிசமா?'ன்னு எந்த அக்கா லெட்டர்ல கேப்பா? அழுது முடிச்சு, திட்டி முடிச்சு, அப்புறம் வெனிங்கிட்ட காட்டினேன். அவ ஆஸ்பத்திரியில பார்த்திருக்காளாம். 'அவர் கேட்டதை எல்லாம் அப்படியே எழுதுங்க அத்தை, எதையும் விடாதீங்க'ன்னா. எழுதறேன்.

கல்யாணத்தன்னைக்கு வேண்டாம், முந்தின நாள் வெள்ளிக்கிழமை காலையில வெச்சுக்கறோம். சந்தை நாள், ஊரு பூரா அங்க இருக்கும். நானும் கடை போடலை. வியாபாரம் போனா போகுது. நம்ம வீட்டுக் கூடம்தான். பெரியவங்க கொஞ்சப் பேர், போதகர், நாங்க, அவ்வளவுதான். நீ வந்ததும் யாரும் கட்டிப்பிடிக்க மாட்டாங்க. ஜன்னல் பக்கத்துப் பாய் உனக்கு. முதல்ல போதகர் ஜெபம் பண்ணுவாரு. சுருக்கமா முடிக்கறதா வாக்குக் குடுத்திருக்காரு. காட்டுல ஒரு பாதிரியார் இருக்கறது அவருக்குத் தெரிய வேண்டாம். அப்புறம் தட்டு வரும். மஞ்சள் போட்டு வதக்கின கெண்டை, முழுசா, தலை வெனிங் பக்கம் பார்த்து. முள்ளை நானே எடுத்து வெச்சுடறேன். நீ ஒரு வாய் ஊட்டணும். அப்புறம் அரிசி. அப்புறம் உலோஸ், அதை நான் வாங்கிட்டேன், நீ சந்தைப் பக்கமே போகாத. கடைசியா அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லணும். அதை மட்டும் விட்டுத்தர மாட்டேங்கறாங்க. சொன்னதும் லம்போக் ஜீப் வாசல்ல நிக்கும். ஏறிக்கோ. சனிக்கிழமைக்கு நீ இருக்க வேண்டாம். மேளம் கிடையாது.

இதுல எதுவும் மாறாது. உன் பாதிரியார் மாதிரி முந்தியே முழங்கிட்டேன், முகம் வெச்ச பக்கம்தான் போவேன்.

உன் இத்தோ,
ரோத்துவா

✦

காட்டு முகாம்,
10 மே 2009

அன்புள்ள இத்தோவுக்கு,

வருகிறேன்.

ஜொங்கி

✦

பாலிகே,
24 ஜூன் 2009

அன்பு இத்தோவுக்கு,

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. வெனிங் நாபிதுபுலுன்னு சர்ச்ல பேர் வாசிச்சாங்க. எனக்குக் கால் தரையில பாவலை.

மேளத்துக்கு நான் மன்னிப்புக் கேக்கணும். சத்தியமா எனக்குத் தெரியாது. தாய்மாமன் படியேறும்போது மேளம் இல்லாம விடறது அவமரியாதைன்னு தோகாருக்கு நெஞ்சு பொறுக்கலையாம். பின்கட்டுல ஆளுங்களை ஒளிச்சு வெச்சிருக்காரு. நீ காலை வெச்சதும் தட்டிட்டாங்க. நீ திரும்பித் தொட்டிப் பக்கம் போனதும் எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். பார்லின் அதுக்குள்ள சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு முன்னாடி வந்து நின்னான். தோகாரை நான் திட்டின திட்டைப் போதகர் இன்னும் மறந்திருக்க மாட்டாரு.

நீ முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்த, அதனால சொல்றேன். வெனிங் யாரையும் கேக்கலை. தட்டையும் அரிசியையும் உலோஸையும் தூக்கிக்கிட்டுக் கொல்லைக்கு நடந்தா. சஹாலா கூடப் போனான், வேண்டாம்னு தலையாட்டிட்டா. நாங்க எல்லாரும் அடுப்படிப் படியிலயே நின்னோம். 'எவனாவது இறங்கினா இந்த வீட்டுல சோறு கிடையாது'ன்னு சொல்லிட்டேன். அங்கேர்ந்து எனக்கு எல்லாம் தெரிஞ்சது. நீ அரிசி வெக்கறப்பப் பாதி தொட்டியில கொட்டி மீனுங்க வந்து தின்னுச்சு. அந்த வார்த்தையை மெதுவாத்தான் சொன்ன. ஆனா படி வரைக்கும் கேட்டுச்சு. பெரியவங்களும் கேட்டுச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க. மீனெல்லாம் சாட்சியான்னு தோகார் முனகினாரு, ஆனா கண்ணைத் துடைச்சுக்கிட்டுத்தான் முனகினாரு.

அதுக்கப்புறம்தான் எனக்குப் புரியலை. எல்லாம் முடிஞ்சு அவ உன்னை என்னமோ கேட்டா. நீ எழுந்து யாரையும் பார்க்காம ஜீப்புல ஏறிட்ட. அன்னைலேர்ந்து அவ முகமே சரியில்லை. 'தப்பா கேட்டுட்டேன் அத்தை'ங்கறா, என்ன கேட்டான்னு சொல்ல மாட்டேங்கறா. கல்யாணப் பொண்ணு திருட்டுத்தனமா அழறா. அந்தக் கருநீல உலோஸைத்தான் போர்த்திக்கிட்டுத் தூங்கறா, யார் சொன்னாலும் கேக்கறதில்லை.

கோவமா? எதுவா இருந்தாலும் எழுது.

உன் இத்தோ,
ரோத்துவா

✦

காட்டு முகாம்,
5 ஜூலை 2009

அன்புள்ள இத்தோவுக்கு,

கோபம் இல்லை. மேளம் எனக்கு மரியாதை செய்வதற்காகத்தான் என்று ஜீப்பில் லம்போக் விளக்கினார். தோகார் அண்ணனுக்கு நன்றி சொல். இனி வேண்டாம் என்றும் சொல். நான் இங்கே இல்லாதபோது பாதிரியார் கிழக்கே முழங்கிவிட்டு வடக்கே போயிருக்கிறான். போய்ப் பார்த்தேன். கிழக்கே பெரிய மரம் ஒன்று சரிந்து வழியை அடைத்திருந்தது. அவன் முழங்கியது பொய் இல்லை. நீ எழுதியதும்.

வெனிங் தொட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேளம் நின்று வெகுநேரம் ஆன பிறகும் அவசரப்படுத்தவில்லை. நான் அவள் பக்கம் திரும்பியதும் தட்டை நடுவில் நகர்த்தி வைத்தாள். மீனில் ஒரு முள் இருந்தது. நீ எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகச் சொன்னாய். நான் பார்த்து எடுத்துவிட்டுத்தான் ஊட்டினேன்.

பிறகு அவள் கேட்டது இது. அவளுடைய அப்பா அவள் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டாராம். 'இது சபைக்காக மட்டுமா? இல்ல, நான் உங்களை நிஜமாவே அப்பான்னு கூப்பிடலாமா?' என்றாள்.

உன் கடிதத்தில் இந்தக் கேள்வி இல்லை. உடனே ஆம் என்று சொல்லியிருக்கலாம், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரியும். ஆனால் அப்பா என்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்காமல் சொன்னால் அது சபைக்காகச் சொன்னதாகிவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் மெதுவாகப் பேசுகிறாள் என்று எழுதினாய், நானும் மெதுவாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவளுக்குக் கேட்கவில்லை.

இங்கே இன்னொரு அறை இருக்கிறது. கூரை ஒழுகியது, சரிசெய்யச் சொல்லிவிட்டேன். அவளும் சஹாலாவும் வந்து தங்கலாம். தொலைபேசியில் என்னால் பேச முடியாது, ஆனால் ஒழுங்காக எழுதுவேன். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் வருவேன், மேளம் இருந்தாலும். பிள்ளை பிறந்தால் வருவேன், அழுதால் கொஞ்ச நேரம் தொட்டிப் பக்கம் போய்விட்டு வருவேன். இவ்வளவு என்னால் முடியும் என்று யோசித்து முடிக்க இத்தனை நாள் ஆகிவிட்டது.

இத்துடன் அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் இருக்கிறது. உறை ஒட்டியிருக்கிறது. நீ பிரிக்காதே, பிரிப்பாய் என்று தெரியும், இருந்தாலும் பிரிக்காதே. அதில் என்ன இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன். 'அன்புள்ள மகளுக்கு' என்று ஆரம்பித்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் இத்தோ ஜொங்கி