உன் குரலில் சொன்ன பொய்

அன்புள்ள ஷ்ரேயாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ சௌக்கியம், ஆம்ஸ்டர்டாமில் நீயும், உனக்குச் சரிசமமான உன் யந்திரங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப்போனதால் துணைக்கு இருக்கட்டும் என்று உன் குரலில் பேசுகிற பெட்டி ஒன்று அனுப்பினாயே, அதைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டேன். ஃபோனில் பாதி கேட்டதுமே நீ பிரசங்கத்தில் இறங்கிவிட்டாய், அதனால் முழுக்க எழுதுகிறேன். வியாழக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அப்பா அதனிடம் "எப்போடி வரப்போறே" என்று கேட்டார், "இதோ கிளம்பிட்டேம்பா, வந்துண்டே இருக்கேன்" என்றது, என் காதிலும் விழுந்தது, சிரித்துக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். வாட்ச்மேன் கோவிந்தப்பா கேட்டைக் காட்டி "ஹொரகே ஹோதரு அம்மா" என்கிறார், வெளியே போய்விட்டாராம். ஈரத்தலையோடு எலெக்ட்ரானிக் சிட்டித் தெருவெல்லாம் ஓடினேன். கடைசியில் பக்கத்து ஃபிளாட் ஃபாத்திமாதான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தாள். "மேம்பாலத்துக்குக் கீழ நின்னு வர்ற பஸ்ஸையெல்லாம் கைகாட்டி நிறுத்தி, எம்பொண்ணு இருக்காளான்னு கேட்டுட்டிருந்தாங்க ஆன்ட்டி" என்று சொல்லி அவளே அழுதுவிட்டாள். உன்னை வரவேற்க இஸ்திரி போட்ட சட்டை, கீழே அழுக்குப் பைஜாமா, முழங்கை சிராய்த்து ரத்தம். இன்னமும் வாசலைப் பார்த்தபடிதான் சாப்பிடுகிறார்.

இதைச் சொன்னால் நீ என்ன சொன்னாய், "பொறுப்புங்கறது ஒருத்தர்கிட்ட இல்லம்மா, நான், மெஷின், அப்பாவோட வியாதி, ரோடு எல்லாம் பின்னிக் கிடக்கற வலை, மனுஷனை நடுவுல வெச்சுப் பார்க்கறது ஆம்பளைகளோட பழைய யோசனை" என்றாய். அடேயப்பா, இதற்கு டாக்டர் பட்டம் வேறு தருகிறார்களாம். அந்த வலையில் ஈரத்தலையோடு ஓடினது எந்த முடிச்சு, அவர் ரத்தத்தைத் துடைத்தது எந்த முடிச்சு? பெண்ணியம் பேசுகிறாய், ஓடினது நானும் ஃபாத்திமாவும்தான். நானும் காலேஜில் தத்துவம் நடத்தி ரிடையரானவள், தேர்ந்தெடுத்தவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வருஷா வருஷம் கத்தினவள். என்னை அடுப்பங்கரை அடிமை என்று நினைத்து இரக்கப்படாதே, அப்பாவோடு இருப்பது நான் தேர்ந்தெடுத்தது. வராமலிருப்பது நீ தேர்ந்தெடுத்தது. வருத்தமுண்டு, ஆனால் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். அதைப் பெட்டியின் தலையிலும் வலையின் தலையிலும் கட்டிவிட்டு நீ கைகழுவுகிறாயே, அதுதான் அசிங்கம்.

வேளைக்குச் சாப்பிடு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொள். தீர்க்காயுசாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிட்டு, வருகிறாயா இல்லையா என்று அப்பாவிடம் நீயே சொல். இல்லையென்றால் இல்லையென்றே சொல். அழுவார். பக்கத்தில் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாமா சுப்ரமணியன்