அக்கா, அந்த நீளத் துளைகளை மூடியது நான்தான்

என் செல்லச் சண்டைக்கார அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அம்மா இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். நான் அந்தக் காலத்தில் கோட்டைவிட்ட தெலுங்குப் பரீட்சையில் உன் மகள் என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிறாள். ஆனால் இன்றைக்கு எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அக்கா.

திருப்பதியில் அந்த ஹோட்டல் கட்டடம், சித்தூர் ஆபீசில் உட்கார்ந்து நீ கடைசியாக வரைந்த வேலை. கண்ணாடிச் சுவரைத் தாங்கும் பிராக்கெட்டுகளைச் செய்து மாட்டும் வேலை எனக்குக் கிடைத்தது என்று புத்தூர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேனே, அதுதான்.

ஒவ்வொரு மாடியின் ஓரத்திலும், கான்கிரீட் போடும்போதே போல்ட் மாட்டுவதற்கான இரண்டு இரும்புச் சேனல்களை, நீளப் பள்ளச் சட்டங்களை, இணையாகப் பதித்திருக்கிறார்கள். ஒன்று விளிம்பை ஒட்டி, இன்னொன்று கொஞ்சம் உள்ளே தள்ளி. ஒரே பிராக்கெட் இரண்டின் மேலும் உட்கார்ந்து நாலு போல்ட்டில் நிற்கும். உன் படத்தில், பிராக்கெட்டின் உள்சேனல் பக்கம் வட்டத் துளை. விளிம்புச் சேனல் பக்கம் மட்டும் நீளத் துளை, அதில் போல்ட் முன்னும் பின்னும் ஆடும்.

அந்தப் படம் வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு கிடந்தாய். என் பெயரையே இரண்டு தரம் மாற்றிக் கூப்பிட்டாய். ஆடுகிற துளையைப் பார்த்ததும், பாவம், அக்கா தப்பாகப் போட்டுவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன். உன்னைக் கேட்டால் நீ உடைந்துபோவாய். மற்றவரைக் கேட்டால் உன் பேர் கெடும். பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அறுபது பிராக்கெட்டிலும் நீளத் துளைமேல் வட்டத் துளை வாஷர் வைத்து நானே வெல்டிங் அடித்தேன். அன்றைக்குச் சோறுகூட ருசித்தது. என்ன புத்தி அது?

எல்லாவற்றையும் மாட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை கண்ணாடி ஏறவேண்டும். நேற்று சரிபார்க்க வந்த இன்ஜினியர் பெண் குனிந்து பார்த்தாள்.

"யாருண்ணா இத்த மூடனது? இந்த சேனல் ஓரத்துல கீது. காத்து கண்ணாடிய வெளிய இஸ்க்கும்போது லோடு இதுக்குப் போவக்கூடாதுன்னுதான் படத்துல இந்த நீட்டுத் தொளை ஸ்லாட்டு வெச்சிக்கிறாங்க. உள்சேனல் தாங்கிக்கும். ஓரத்துல இஸ்த்தா காங்கிரீட்டு பேத்துக்கினு வந்துடும்."

"ரெண்டு சேனல் கீதேம்மா, பாதி பாதி போவாதா?"

"எந்த போல்ட்டு மொதல்ல முட்டுதோ அதுக்குதாண்ணா போவும். எவ்ளோன்னு யாரு சொல்றது? மூடச் சொன்னது படம் போட்டவங்களா, இல்ல நீங்களே மூடிட்டீங்களா?"

"கேட்டுச் சொல்றம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். யாரைக் கேட்பேன்?

ஒரு பாரத்தை இரண்டு பேர் பிடித்தால் ஆளுக்குப் பாதி என்று இத்தனை வருஷமாக நம்பியவன் நான். நம் வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது என்று நினைத்தேன். உனக்கு வியாதி என்பதையே கடைசியில்தானே சொன்னாய்? எனக்குத் தெரியாமல் இன்னும் எதையெல்லாம் தாங்கினாய்?

நான் வாயை மூடிக்கொண்டால், மூடச் சொன்னது நீதான் என்று பழி உன்மேல் விழும். நீ வந்து மறுக்கப்போவதில்லை. வாயைத் திறந்தால் இந்த வேலையோடு என் பட்டறையும் போகலாம். ஆனால் அந்த ஓரத்துக்கு நேர் கீழேதான் ஹோட்டல் வாசல். அங்கே குழந்தை குட்டியோடு ஜனம் வந்து இறங்கும்.

பயமாக இருக்கிறது, அக்கா. இருந்தாலும் நாளைக் காலையில் எல்லார் எதிரிலும் சொல்லிவிடுகிறேன்: படம் சரி, மூடியது நான். அறுபதையும் கழற்றி, நீ போட்டபடியே புதிதாகச் செய்து மாட்டுகிறேன். இது சத்தியம்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்றைக்கு நீ இருந்தாய். கேட்டிருந்தால் அந்தக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "முட்டாள்" என்று திட்டி, சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்திருப்பாய்.

உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, உன்னை நம்பாமல் போன
உன் தம்பி