குட்டைப் பக்கம் நட

எல் ரமோனால் கிராமம்
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல மகள் க்ளெண்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்கு இருமல் மட்டும் இன்னும் விடவில்லை, தீயில் உள்ளே போன புகை மெல்லத்தான் இறங்கும் என்று சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். நீ அங்கே சிலே நாட்டு மழையில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் தினமும் அடுப்பைப் பற்றவைக்கிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், உன் குரலைக் கேட்டு நானும் அழுகிறேன், அதற்குள் சிக்னல் போய்விடுகிறது, சொல்லவேண்டியது எதுவும் சொன்னபாடில்லை. தீக்குப் பிறகு காட்டை ஆய்வுசெய்ய வந்தவர்களோடு நீ படிக்கிற வால்டிவியா ஊர்ப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள், வியாழக்கிழமை திரும்பிப் போகிறாளாம், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படிப்பை நிறுத்திவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொன்னாயே, இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய். பாதியில் மடித்து வைக்காதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

இந்த வருடம் மரம் வெட்டவேண்டிய பகுதி நம் ஊர்க் காட்டின் மேற்கு எல்லைப் பக்கம் என்பது உனக்கே தெரியும், நீ போவதற்கு முன்னால் அங்கே பாதி மரங்களைக் கணக்கெடுத்தவள் நீதானே. ஐரோப்பாவில் புதுச் சட்டம் வருகிறதாம், காட்டை அழித்து எடுத்த மரம் இல்லை என்று காட்ட, மரம் நின்ற இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் குறித்த எண்களையும் சேர்த்துக் கொடுத்தால்தான் இனி வாங்குவோம் என்று மரம் வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் மார்ச் மாதம் முழுக்க உன் அப்பாவும் மற்றவர்களும் மகோகனி மரம் ஒவ்வொன்றின் அடியிலும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உன் அப்பா புலம்பாத நாள் இல்லை, முன்பெல்லாம் மரத்தைப் பார்த்தால் மேலே பார்ப்பேன், இப்போது உள்ளங்கையைப் பார்க்கிறேன் என்று. ட்ரோனையும் அவருக்குப் பிடிக்காது, உனக்கு நினைவிருக்கும், கொசு என்றுதான் சொல்வார். நீ போனபிறகு அதை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை, விளையாட்டாய் நீ கற்றுக்கொடுத்ததை வைத்து நான் எடுத்துக்கொண்டேன், அதிலிருந்து கொசு வளர்க்கிறவள் என்று எனக்கும் பெயர் வைத்துவிட்டார்.

ஏப்ரலில் ஒரு காலை, எல்லைக்கு அந்தப் பக்கம் சிவப்புப் புள்ளி விழுந்திருப்பதாகச் செயற்கைக்கோள் எச்சரிக்கை போனில் வந்தது. மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும் என்று யாரோ வைத்த தீ, யார் என்று இன்றுவரை தெரியாது. தீ நம் பக்கம் வந்தால் இந்த வருட வெட்டு மட்டும் போகாது, காட்டைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் என்று அரசாங்கம் எழுதிவிட்டால், இருபத்தைந்து வருடத்துக்கு ஊருக்குக் கொடுத்த காட்டு உரிமத்தை அடுத்தமுறை நீட்டிக்கவே மாட்டார்கள். உடனே ஏழு பேர் கிளம்பினார்கள், உன் அப்பா முன்னால், வயர்லெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்கிற மாய்னோர் பின்னால். வண்டி போகிற கடைசி இடம் வரை நானும் போய் அங்கே இறங்கிக்கொண்டேன், அங்கிருந்துதான் ட்ரோனை விடவேண்டும். அவர்கள் உள்ளே நடந்துபோய்த் தீத்தடுப்புக் கோடு வெட்டத் தொடங்கினார்கள், சருகை ஒதுக்கி மண் தெரிகிற அளவுக்குச் சுத்தமாய். நான் ட்ரோன் வழியாக மேலிருந்து பார்த்து, தீ எங்கே திரும்புகிறது என்று என்னிடம் இருந்த வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டே இருந்தேன், கொண்டுபோன பேட்டரியெல்லாம் ஒவ்வொன்றாய்த் தீர்ந்து கடைசியைப் போட்டிருந்தேன்.

மதியத்தில் காற்று திரும்பியது. நீ எத்தனையோ முறை பார்த்திருப்பாய், பனை மட்டை பற்றிக்கொண்டால் பறந்துபோய் விழும். அப்படி ஒன்று அவர்கள் தலைக்கு மேல் பறந்து பின்னால் விழுந்தது. அவர்களுக்குத் தெரியவில்லை, சுற்றிலும் புகை. ட்ரோனில் வெப்பத்தைக் காட்டுகிற கேமராவுக்கு மாற்றிப் பார்த்தேன், அவர்கள் வந்த நடைவழியின் குறுக்கே வெள்ளையாய் ஒரு கோடு, பார்க்கப் பார்க்க நீண்டுகொண்டே போனது. விஷயத்தைச் சொன்னேன். உன் அப்பா வயர்லெஸ்ஸை வாங்கி, வந்த வழியே திரும்புகிறோம் என்றார். அந்த வழியில் தீ, தெற்கே குட்டை இருக்கிறது, அங்கே போங்கள் என்றேன். அதற்கு அவர், குட்டை வற்றிப்போய் எவ்வளவு நாளாகிறது, முப்பது வருடமாய் நடக்கிற வழி எனக்குத் தெரியாதா என்று என்னிடமே கேட்கிறார். குட்டை வற்றியது எனக்கும் தெரியும் மகளே. ஆனால் மேலிருந்து பார்த்தால் அங்கே சருகு இல்லை, மரம் இல்லை, எரிய ஒன்றுமே இல்லை, சேறு மட்டும் கறுப்பாய்க் கிடக்கிறது. இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க நேரம் ஏது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை நான் நீங்கள் என்றுதான் கூப்பிடுவேன், அவரும் என்னை அப்படித்தான். அன்று வயர்லெஸ்ஸில் அத்தனை பேர் கேட்க, "அமில்கார், வாயை மூடு. குட்டைப் பக்கம் நட" என்று கத்திவிட்டேன்.

கோபித்துக்கொண்டாரோ, வயர்லெஸ் கீழே விழுந்துவிட்டதோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் அந்தச் சின்னப் புள்ளிகள் தெற்கே நகர ஆரம்பித்தன. வலது, இன்னும் வலது, அந்தப் பெரிய மரத்தைத் தாண்டி என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இங்கே ட்ரோன், பேட்டரி தீரப்போகிறது, திரும்பி வருகிறேன் என்று கூவத் தொடங்கிவிட்டது. அப்படிக் கூவினால் யோசிக்காமல் இறக்கிவிடவேண்டும், ஊருக்கு இருப்பது இது ஒன்றுதான் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாய், எல்லாம் காதில் ஒலித்தது. திரும்ப வருவதைத் தடுக்கிற பொத்தானை அழுத்தினேன். மறுபடி கேட்டது, மறுபடி அழுத்தினேன். குட்டை ஓரம் வரை அவர்கள் வந்ததைப் பார்த்தேன், கடைசிப் புள்ளி பின்தங்கி நின்றது, அது நகர்கிறதா என்று பார்ப்பதற்குள் திரை கறுத்துப்போனது. ட்ரோன் தீக்குள் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று கேட்காதே, தெரியாது. வண்டி ஓட்டி வந்தவர் தண்ணீர் கொடுத்தார், குடித்தேனா என்றும் தெரியாது. அப்புறம்தான் மாய்னோர் குரல் வந்தது. "அக்கா, கேக்குதா? சேத்துக்குள்ள உக்காந்திருக்கோம். ஏழு பேரும் இருக்கோம். அண்ணன் பேசுற நிலைமையில இல்ல, அழுதுக்கிட்டிருக்கார். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க." ஊரே கேட்கிற வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு, சொல்லிராதீங்க என்கிறான்.

தீ அப்புறமும் சில நாள் எரிந்தது, பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்து அணைத்தார்கள். நம் பகுதியில் ஒரு பெரிய துண்டு போய்விட்டது, நீ எண்ணிட்ட மரங்களில் பலவும் அதற்குள்தான் இருந்தன, அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. பிறகு ஊர்க்கூட்டம் கூடியது. எவரில்தோவை உனக்குத் தெரியும், அவருக்கு எதிலும் விதிமுறை வேண்டும். எல்லோருக்கும் பொதுவான மிஷினை ஒரு ஆள் தன் இஷ்டத்துக்கு விட்டது சரியா, பேட்டரி குறைந்தால் இறக்கவேண்டும் என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோமே என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், ஆய்வுக்கு ஆட்கள் வர இருந்த நேரம், கையில் ட்ரோன் இல்லை. நான் பதில் சொல்ல எழுந்தேன், அதற்குள் உன் அப்பா எழுந்துவிட்டார். கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். "இவ என்னை வாழ்க்கையில மொதத் தடவையா நீன்னு சொன்னா. அதைக் கேட்டதும் இது விளையாட்டில்லைன்னு புரிஞ்சு நடந்தேன். மிஷின் மட்டும் பத்திரமா வீட்டுக்கு வந்திருந்தா, இன்னைக்கு இந்தக் கூட்டம் எங்க ஏழு பேரையும் புதைக்கிறதுக்குக் கூடியிருக்கும்." உட்கார்ந்துவிட்டார். எவரில்தோதான் முதலில் எழுந்து, விதியில் ஒரு வரி சேர்க்கலாம், ஆள் கீழே சிக்கியிருந்தால் மிஷினை விட்டுவிடலாம் என்று சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

ஆய்வுக்கு வந்த அம்மா தலைநகரிலிருந்து வந்தவர், நல்ல மாதிரி, எரிந்த இடத்தை எங்களோடு சேர்ந்து முழுக்க நடந்தே பார்த்தார். தீ வெளியிலிருந்து வந்தது, ஊர்க்காரர்கள் அன்றே போய் நின்றார்கள் என்பதைச் செயற்கைக்கோள் படத்திலும் எங்கள் பதிவிலும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, காட்டைக் கெடுக்காமல் எடுத்த மரம் என்று நமக்குக் கொடுத்திருக்கிற முத்திரையை ரத்து செய்யவில்லை என்று சொன்னார். ஆனால் எரிந்த இடத்தில் இனி கை வைக்கக்கூடாது, இந்த வருட வெட்டைக் குறைக்கவேண்டும், ட்ரோன் ஓட்ட ஒருவர் போதாது, இன்னும் ஒருவர் பயிற்சி பெறவேண்டும். உன் அப்பா பெயர் கொடுத்திருக்கிறார். ஆமாம், அவரேதான். கடனாய் வந்த ட்ரோனை முதல் நாளே நம் ஹோகோட்டே பழ மரத்தில் சிக்கவைத்துவிட்டு, மரம் குறுக்கே வந்தது என்கிறார்.

அந்த அம்மா இன்னொன்றும் கேட்டார். எரிந்த காட்டைத் தானாக வளர விடுவதா, நாற்று நடுவதா என்று ஆராய்ந்து திட்டம் தரவேண்டும், அதற்குப் படித்தவர்கள் யாராவது உங்களிடம் இருக்கிறார்களா என்று. கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் உன் பெயரைச் சொல்லவில்லை, மகளே. வெளியிலிருந்து ஒருவரை வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீ படிப்பை முடித்துவிட்டு இந்தக் காட்டுக்கே வரலாம், வேறு காட்டுக்கும் போகலாம், காடே வேண்டாம் என்றும் சொல்லலாம், அதைக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்ய முடியாது. நான் அங்கே இருந்திருந்தால் என்று நீ போனில் திரும்பத் திரும்பச் சொன்னாய். இருந்திருந்தால் என்னைவிட நன்றாய் ஓட்டியிருப்பாய், பொய் சொல்லமாட்டேன். ஆனால் நீ இங்கே இல்லை என்பதற்காக யாரும் செத்துப்போய்விடவில்லை. அதை ஒரு தப்பு மாதிரி தூக்கிக்கொண்டு அலையாதே. தீ இனியும் வரும், ஒவ்வொரு தடவையும் நீ பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரவேண்டும் என்றால் எதற்காக உன்னை அனுப்பினோம். அழுகை வந்தால் அழு, அழுதுவிட்டு வகுப்புக்குப் போ.

மற்றபடி, ரமோன் மரத்துக் கொட்டை மாவில் பிஸ்கட் போடுகிற பெண்கள் குழுவில் என்னைத் தலைவியாக்கப் பார்க்கிறார்கள், தப்பித்துக்கொண்டிருக்கிறேன். நம் நாய் குட்டி போட்டிருக்கிறது, எல்லாம் கறுப்பு. இந்தப் பெண்ணிடம் கொஞ்சம் பிஸ்கட்டும் காய்ந்த மிளகாயும் கொடுத்திருக்கிறேன், மிளகாயை உன் அறைத் தோழி தெரியாமல் வாயில் போட்டுவிடப்போகிறாள், சொல்லி வை. ஈரக் காலணியோடு உட்காராதே, ஈர விறகைப் போட்டு அறையைப் புகையாக்காதே, இரவு சாப்பிடாமல் படுக்காதே.

நீ நடக்கிற வழியெல்லாம் நல்லவர்கள் எதிரே வரட்டும், படிக்கிறது மனதில் நிற்கட்டும், மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். படிப்பிலிருந்து பெயரை விலக்கிக்கொள்ளும் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் நாளைக்கே போய்த் திரும்ப வாங்கிவிடு, மறந்துவிடாதே. கீழே இரண்டு வரி நானே எழுதுவேன் என்று உன் அப்பா பேனாவைப் பிடுங்குகிறார், அவர் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா
ஃபிதெலினா

மகளே, இப்போது வராதே. வந்தால் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன், உன் படிப்பு போய்விடும். டிசம்பரில் வா. அப்பா.