தாய்ப்பால் ஆகாத பிள்ளை

கார்த்திகை 6, திங்கள்

விடியலில் இருந்து மழை. உப்புவெளியிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள். சேலை முழங்கால் வரை ஈரம். ஆய்வறைக் கூரை மறுபடி ஒழுக்கு. நுணுக்குக்காட்டிக்கு மேல் பொலித்தீன் உறை கட்டினேன்.

வாங்க: சவர்க்காரம், மண்ணெண்ணெய் (வரிசை!), அம்மாவின் பிறஷர்க் குளிசை.

மத்தியானம் பிள்ளைகள் வார்டிலிருந்து சிறுநீர்ப் போத்தல் ஒன்று. கிண்ணியாப் பிள்ளை, ஆண், பிறந்து எட்டு நாள். மஞ்சள், வாந்தி. பால் குடிக்கக் குடிக்கத் துவளுகிறதாம். சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்பைத் தோய்த்துப் பார்த்தேன். சீனி இல்லை. எழுதியும் விட்டேன்.

மாதக்கணக்காக அனுமதிக் கடிதம் எழுதி, போன கிழமைதான் சீனி சோதிக்கும் பெனடிக்ட் கரைசல் செய்யச் சாமான் வந்தது. புதிதாகக் கலக்கியது சரியா என்று பார்க்க ஆசை. பக்கத்தில் இருந்தது அந்தப் போத்தல். சும்மா சூடாக்கினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது: சீனி இருக்கிறது.

என்னுடைய சிறுநீரில் பார்த்தேன். நீலம். கரைசலில் பிழை இல்லை. பிள்ளையினதை இன்னும் இரண்டு தரம். செங்கல்.

ஸ்ட்ரிப் குளுக்கோசை மட்டும் காட்டும். கரைசல் மற்றச் சீனிகளையும் காட்டும். அப்படியென்றால் இது வேறு சீனி. எட்டு நாள் பிள்ளைக்கு வேறு சீனி எங்கிருந்து? பாலைத் தவிர ஒன்றும் குடிக்கவில்லையே.

குழாயோடு வார்டுக்கு ஓடினேன். டொக்டர் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"ஸ்ட்ரிப்பில இல்லையோ? வடிவாப் பாத்தனீரோ?"

"மூண்டு தரம் பாத்தனான் டொக்டர்."

கதிரையில் இருந்து எழும்பியேவிட்டா. "கலக்டோசா இருக்க வேணும். புத்தகத்தில படிச்சதுதான், கண்ணால காணேல்லை. பாலை இப்பவே நிப்பாட்டுவம்."



கார்த்திகை 7, செவ்வாய்

மழை. காலையில் டொக்டர் தாய் தகப்பனுக்கு விளங்கப்படுத்தினா. என்னையும் நிற்கச் சொன்னா. தாய் றிபாயா, இருபத்திரண்டு வயது இருக்கும். தகப்பன் நசீர், மீன் ஏற்றுகிறவர். இருவரும் மச்சான் மச்சாள், சொந்தத்துக்குள் கல்யாணம். மாமியார், நசீரின் உம்மா, கட்டில் காலடியில் தஸ்பீஹ் மணி உருட்டியபடி.

டொக்டர் சொன்னது, எனக்காகவும் எழுதி வைக்கிறேன். பால்சீனி வயிற்றில் இரண்டாக உடையும். ஒன்று குளுக்கோசு, மற்றது கலக்டோசு. கலக்டோசை உடம்புக்கு ஏற்றபடி மாற்ற ஈரலில் ஒரு நொதியம் வேண்டும். அந்த நொதியத்தைச் செய்யச் சொல்லும் பரம்பரையலகு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று நல்லதென்றாலே போதும், ஆள் சுகமாக இருக்கும். றிபாயாவிடம் ஒன்று பழுது. நசீரிடமும் ஒன்று பழுது. பிள்ளைக்குப் பழுது இரண்டும் சேர்ந்து வந்துவிட்டது. மாறாத சீனி ஈரலிலும் கண்ணிலும் மூளையிலும் நஞ்சாகத் தேங்குகிறது.

"தாய்ப்பால் குடுக்காம புள்ள எப்பிடி மிஸ் வாழும்?" றிபாயா டொக்டரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள்.

"சோயாப் பால்மா குடுக்கலாம். அதில இந்தச் சீனி இல்லை."

மாமியார் முணுமுணுத்தா: "பால்ல நஞ்சாம். நான் அப்பவே சொன்னனான், இவட பால் ஆகாதெண்டு."

றிபாயா குனிந்துகொண்டாள். சட்டையின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது.

பின்னேரம் டவுனில் ஐந்து மருந்துக்கடை. சோயாப் பால்மா ஒன்றிலும் இல்லை. டொக்டர் கொழும்பில் உள்ள சிநேகிதிக்கு போன் எடுக்க முயற்சி. ஒரு மணித்தியாலம் காத்திருந்து இணைப்பு. நாளை பஸ்ஸில் அனுப்புவாவாம். பஸ் வந்தால்.

கார்த்திகை 8, புதன்

பிள்ளைக்குச் சேலைன், குளுக்கோசு, ஊசிமருந்து. வாந்தி நின்றுவிட்டது! பெனடிக்ட்: நீலம். இரண்டு தரம் பார்த்தேன். ஆனால் சேலைனில் எத்தனை நாள்.

பஸ் வரவில்லை. ஹபறணைக்கு இப்பால் பாதை மூடியிருக்கிறதாம். நசீர் பஸ் நிலையத்திலேயே நிற்கிறார்.

வார்டுக்குப் போனேன், போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. றிபாயா பாலைப் பீங்கானில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். கல்லாகக் கட்டி வலிக்கிறதாம். வார்டு நேர்ஸ் மிஸ்ஸி அதை எடுத்துப் போய் ஊற்ற, அவள் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பினாள். பிறகு தானாகவே கதைத்தாள்.

"மூத்ததும் இப்பிடித்தான் மிஸ். பொம்பிளைப் புள்ள. அதே மஞ்சள், அதே சத்தி. இங்கதான் கொண்டந்த. பன்னிரண்டாம் நாள் மௌத்தாப் போச்சு."

"எப்ப?"

"மூணு வருஷம்."

ஆய்வறைக்கு வந்து அலுமாரியில் பழைய பதிவேட்டைத் தேடினேன். கறையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது, பக்கம் இருக்கிறது. கிண்ணியா, பெண், 9 நாள். சீனி: இல்லை (ஸ்ட்ரிப்). பெனடிக்ட்: ஒரு கோடு, செய்யவில்லை. என் கையெழுத்து.

அந்த நாளில் கரைசல் முடிந்திருந்ததா? நினைவில்லை.

இல்லை, அது பொய். நினைவிருக்கிறது. போத்தலில் பாதி இருந்தது. இரண்டு மணிக்கு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். கோட்டை இழுத்துவிட்டு.

கார்த்திகை 9, வியாழன்

நித்திரை இல்லை. கழுவிய குழாய்களைத் திரும்பக் கழுவினேன். ஒன்றை உடைத்தேன்.

பதினொரு மணிக்கு நசீர் ஓடி வந்தார், தலையிலிருந்து தண்ணீர் வடிய. பஸ் மறிபட்ட இடத்துக்கே போயிருக்கிறார்; நாலு பேணி பால்மா வந்திருந்தது. சோதனைச் சாவடியில் இரண்டைக் கம்பியால் குத்தி, மாவைச் சாக்கில் கொட்டிக் கிண்டிப் பார்த்திருக்கிறார்கள். அது மழையில் களி.

"நான் கும்பிட்டுக் கேட்ட மிஸ். எண்ட புள்ளைட சாப்பாடு ஐயா எண்டு. ஒரு ஆமிக்காரன்தான் மற்ற ரெண்டையும் கையில தந்து போ போ எண்டான்."

டொக்டர் அளந்து, மிஸ்ஸி கரைத்து, கரண்டியால் முதல் வாய். துப்பியது. இரண்டாவது, துப்பியது. மூன்றாவது இறங்கியது. பிறகு நாக்கை நீட்டித் தேடியது. மாமியார் அழுதுவிட்டா.

பின்னேரம் டொக்டருக்குப் பதிவேட்டைக் காட்டினேன். வரியை வாசித்தா.

"அண்டைக்குத் தெரிஞ்சிருந்தாலும் பால்மா கிடைச்சிருக்குமோ தெரியாது."

"அது வேற கதை டொக்டர்."

"ஓம். வேற கதைதான்." பதிவேட்டை மூடினா. "தாய்க்குச் சொல்லுறதும் விடுறதும் உம்மட விருப்பம். நான் தடுக்கேல்லை."

கார்த்திகை 10, வெள்ளி

சொல்லவில்லை. இரண்டு தரம் வார்டு வாசல் வரை போய்த் திரும்பினேன். பிள்ளை 40 கிராம் கூட. மஞ்சள் இறங்குகிறது. கண்ணில் மெல்லிய புகை போல இருக்கிறதாம்; பால் தவிர்த்தால் தெளியலாம் என்கிறா டொக்டர்.

மாமியார் தாழ்வாரத்தில் யாருக்கோ: "மூத்ததையும் இவட பால்தான் திண்டது."

அம்மாவுக்குக் குளிசை வாங்க மறந்தேன்.

கார்த்திகை 11, சனி

சொன்னேன்.

மாமியார் தொழப் போயிருந்த நேரம். பதிவேட்டையும் கொண்டுபோனேன், ஏனென்று தெரியவில்லை. றிபாயாவுக்கு வாசிக்கத் தெரியும். வரியைத் தானே விரல் வைத்து வாசித்தாள்.

"இது நீங்க எழுதினதா?"

"ஓம். இன்னொரு சோதனை செய்திருக்க வேணும். செய்யேல்லை. ஊரடங்கு எண்டு ஓடிட்டன்."

"அப்ப அதுவும் எண்ட பாலாலதான்."

"இல்லை. உங்கட பால் நல்ல பால். அதை மாத்திற நொதியம் பிள்ளைக்கு இல்லை. பழுது ரெண்டு பக்கத்தாலயும் வந்தது, உங்களாலயும் அவராலயும், ஒருத்தரும் அறியாமல். கண்டுபிடிக்காமல் விட்டது நான்."

கத்துவாள் என்று நினைத்தேன். மகனின் காலைப் போர்வையால் மூடினாள். திரும்ப மூடினாள்.

"போங்க மிஸ்."

வந்துவிட்டேன். கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தப்பூச்சு இரண்டு பழுதாகி, திரும்பச் செய்தேன்.

பின்னேரம் தாழ்வாரத்தில் நசீரின் குரல், உம்மாவிடம், எல்லாருக்கும் கேட்க: "இனி இவட பாலைப் பத்தி ஒரு கதை கதைக்கப்படாது உம்மா. பழுது எனக்கிட்டயும் இருக்கு. அது உங்கட வழியாலயும் வந்திருக்கும்."



கார்த்திகை 14, செவ்வாய்

மழை விட்டு வெயில். கிண்ணியாத் துறையில் பாதைப்படகு மறுபடி ஓடுகிறது. பிள்ளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிறார்கள்.

டொக்டரின் பட்டியலை நான்தான் பிரதி எடுத்தேன். ஆகாது: தாய்ப்பால், மாட்டுப்பால், எருமைத் தயிர், பால்தேத்தண்ணி, பால்மா பிஸ்கற். வாழ்நாள் முழுக்க. இப்போதைக்குச் சோயாப் பால்மா மட்டும்; வளர்ந்த பிறகு ஆகும்: சோறு, மீன், முட்டை. நசீர் கேட்டார், "தேங்காய்ப் பால்?" ஆகும் என்றதும் முதல் தரம் சிரித்தார். "அப்ப பெருநாளைக்கு வட்டிலப்பம் தின்னலாம்."

அடுத்த பிள்ளைக்கும் இது வர நாலில் ஒரு பங்கு இடமுண்டு என்று டொக்டர் சொன்னா. சிரிப்பு நின்றது.

மூன்று நாளாக றிபாயா என்னோடு கதைக்கவில்லை. நான் வாசலில் நின்றேன். ஓட்டோவில் ஏறப் போனவள் பிள்ளையை நசீரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எண்ட நானாட பொஞ்சாதி வயித்தோட இருக்கா. அவவும் எங்களப் போல சொந்தம்தான், மாமி மகள். தை மாசம் புள்ள."

"பிறந்த உடனே கொண்டுவாங்கோ. நானே பாக்கிறன்."

"ஊரடங்கு எண்டாலும்?"

"ஓம்."

என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. தன் அண்ணனின் பெயரையும் வீதியையும் சொன்னாள், எழுதிக்கொள்ளும் வரை நின்றாள், எழுத்துச் சரியா என்று வாசித்தும் பார்த்தாள். பிறகு போய் ஏறினாள்.